டிக்ரி ஏறிய மூன்றாவது கியர்

கியர்பாக்ஸ் என்பது ஒரு எஞ்சின் தன் இயலாமையை ஒப்புக்கொள்கிற இடம். எல்லா மேட்டையும் ஒரே மூச்சில் ஏறிவிடுகிற எஞ்சின் ஒன்று இருந்தால் அதற்குக் கியர் வேண்டியதில்லை. அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்க நானும் வேண்டியதில்லை. போர்ட் பிளேரில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. பகலெல்லாம் ஓடிய பஸ்கள் இருட்டியதும் எங்களிடம் வரும். விடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடிகாரம் என்னவோ டெல்லியுடையது, சூரியன் மட்டும் எங்களுடையது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் எங்கள் ராத்திரிக்கு நீளம் கொஞ்சம் ஜாஸ்தி.

ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் மசாலா இடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற என் இனத்தாருக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். கொட்டாவி மட்டும் விடக்கூடாது. அது எங்களுக்கு உரியது.

லீவு கியர்

அறுபதுகளில் எங்களிடம் இருந்த பஸ்களெல்லாம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவை. மெயின்லேண்ட் ரோட்டை மனதில் வைத்துக்கொண்டு யாரோ செய்த வண்டிகள். நாலு கியர். முதல் மூன்றும் வண்டியைக் கிளப்பி வேகம் பிடிக்க; நாலாவதில் போட்டுவிட்டால் அப்புறம் அடுத்த ஊர் வரும்வரை டிரைவர் காலை நீட்டிக்கொண்டு புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். இப்படித்தான் நினைத்திருப்பார்கள் போல. எங்கள் தீவில் காலை நீட்ட இடம் ஏது? அபர்தீன் பஜாரை விட்டுக் கிளம்பினால் ஒரு இறக்கம், ஒரு வளைவு, ஒரு மேடு, மேட்டு உச்சியில் ஒரு மாடு.

சவரிமுத்து அண்ணாச்சி எங்கள் டிப்போவின் மூத்த டிரைவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் கடலில். இவர் மட்டும்தான் ஸ்டியரிங் பிடித்தவர். ஒருநாள் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கியர் கம்பியின் குமிழைப் பார்த்தேன். அதில் பொறித்திருந்த எண்களில் ஒன்றும் இரண்டும் மூன்றும் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்து மறைந்தே போயிருந்தன. நாலு மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி வெள்ளையாகச் சிரித்தது. "என்ன அண்ணாச்சி, இதைத் தொடுவதே இல்லையா?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"அது மெயின்லேண்டு கியரு வே. லீவுல ஊருக்குப் போவும்போது போட்டுக்கிடலாம்."

பல் எண்ணுகிறவன்

எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கலாசியாக, அதாவது கப்பல் கூலியாகச் சேர்ந்து, சரக்கு தூக்குகிற வின்ச்சுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு சின்னப் பல்சக்கரம் விழுந்தடித்துக்கொண்டு சுற்றும். அதைக் கடித்துக்கொண்டிருக்கிற பெரிய சக்கரம் சோம்பேறி மாதிரி நகரும். ஆனால் ஆளெல்லாம் சேர்ந்து அசைக்க முடியாத பெட்டி அந்தச் சோம்பேறியின் கயிற்றில்தான் மேலே போகும். இது எப்படி என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு எண்ணினேன். சின்னதற்குப் பத்து பல், பெரியதற்கு நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னது நாலு சுற்று சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்று. வேகம் நாலில் ஒன்றாகக் குறைகிறது, பலம் நாலு மடங்காகிறது. படித்தவர்கள் இதை ரேஷியோ என்கிறார்கள். ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்பதை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிற வேறு பொருளை நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் கண்ணில் பட்ட எதையும் விடவில்லை. சைக்கிள், கரும்புச்சாறு மிஷின், தையல் மிஷின், கடைசியில் வீட்டுச் சுவர்க் கடிகாரம். அப்போதே நாங்கள் கராச்சர்மாவில்தான் குடியிருந்தோம். ஒரு பகல் முழுக்கத் தூங்காமல் கடிகாரத்தைத் தரையில் பிரித்துப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்லம் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து, வைக்க இடமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சத்தம் போடாமல் சொன்னாள்:

"சக்கரத்துப் பல்லெல்லாம் எண்ணுறீங்க. உங்க மகளுக்கு முன்பல்லு விழுந்து எத்தனை நாளாச்சு, அதைப் பாத்தீங்களா?"

கட்டை போடு

கராச்சர்மாவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு குடியிருப்பு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களை அங்கே குடியேற்றியிருந்தார்கள். ராஞ்சிக்காரர்கள் சிலர், நம் ஆட்கள் சிலர். அதற்குச் சர்க்கார் வைத்த பெயர் ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. டிக்ரி என்போம். இங்கத்து இந்தியில் டிக்ரி என்றால் மேடு. மேடு என்றால் சாதாரண மேடு இல்லை. கீழே நின்று பார்த்தால் ரோட்டைச் சுவரில் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும்.

அந்த மேட்டில் எங்கள் பஸ்ஸை ரெண்டாவது கியரில் ஏற்றினால் எஞ்சின் அலறும், ரேடியேட்டர் கொதிக்கும், வண்டி நத்தை மாதிரி ஊரும். மூன்றாவதில் போட்டால் உடம்பெல்லாம் உதறி நின்றுவிடும். ரெண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி வைத்துப் பல் வெட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு படியை எடுத்துவிட்ட மாடிப்படியில் ஏறுவதுபோல. சமதரையில் இது தெரியாது. டிக்ரியில் டிரைவர் ரெண்டாவதில் கொஞ்சம் வேகம் கூட்டி, மூன்றாவதுக்குத் தாவி, அது மூச்சுத் திணறத் தொடங்கியதும் மறுபடி ரெண்டுக்கு இறங்கி, இப்படியே உச்சி வரைக்கும் போக வேண்டும். அந்தக் கால கியர்பாக்ஸில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளச்சை ரெண்டு தரம் மிதிக்க வேண்டும். ஒருதரம் பிசகினால் பஸ் பின்னால் உருளும். உருளாமல் ஏற்றத் தெரிந்தவர் சவரிமுத்து அண்ணாச்சி ஒருவர்தான்.

அவருக்கும் பாரம் குறைய வேண்டும். அதனால் மேட்டடியில் பஸ் நிற்கும். ஆண்கள் இறங்கி நடப்பார்கள். கூட்டம் அதிகமென்றால் கைக்குழந்தை இல்லாத பெண்களும். கண்டக்டர் ஹரிபதா ஒரு மரக்கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே நடப்பார். எஞ்சின் இருமியதும் அண்ணாச்சி "கட்டே!" என்று கத்துவார். கட்டை சக்கரத்துக்கடியில் விழும். யார் இறங்குவது, யார் உட்கார்ந்திருப்பது என்பதில் தினமும் வழக்கு நடக்கும். மண்டல் பாபு என்று ஒரு வங்காளிக் குடியானவர், தனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி ஒருநாளும் இறங்கமாட்டார். ஒருநாள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் தன் ஆடு வேலி தாண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகவே குதித்து, அதைத் துரத்திப் பிடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஹரிபதா, கட்டையை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் புரிகிற இந்தியில் கேட்டார்:

"க்யா பாபு, பஸ் கே அந்தர் புட்டா, பாஹர் ஜவான்?" பஸ்ஸுக்குள்ளே கிழவன், வெளியே வாலிபனா என்று.

கப்பலில் பிரிந்த ஜோடி

பஸ்ஸின் பின் ஆக்சிலுக்குள் ஒரு ஜோடி உண்டு. சின்னது பினியன், பெரியது கிரவுன். கியர்பாக்ஸில் எந்தக் கியர் போட்டாலும் அந்தச் சுழற்சி கடைசியில் இந்த ஜோடி வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகவேண்டும். தொழிற்சாலையில் ரெண்டையும் ஒன்றோடொன்று உரசி, பல்லுக்குப் பல் பழக்கி, ரெண்டிலும் ஒரே நம்பரை வெட்டி அனுப்புவார்கள். ஒன்று உடைந்தால் ரெண்டையும் மாற்றவேண்டும். எங்கள் ஸ்டோரில் இருந்தவருக்கு இது அநியாயமாகப் பட்டது. உடைந்தது பினியன் மட்டும்தானே, நன்றாக இருக்கிற கிரவுனை ஏன் தூக்கிப் போடவேண்டும் என்று பினியனை மட்டும் வரவழைத்தார். போட்டோம், பஸ் முனகியது. சரி, பழைய கிரவுன்தான் கோளாறு என்று அடுத்த கப்பலில் புதுக் கிரவுனையும் வரவழைத்தார். அதில் வேறொரு நம்பர்.

ரெண்டும் புத்தம்புதுசு, அப்புறம் என்ன கேடு என்றார் ஸ்டோர்க்காரர். போட்டு ஓட்டினோம். அந்த பஸ் கராச்சர்மா திருப்பத்தில் வரும்போதே ஊளை கேட்கும்; நாய்களெல்லாம் பதில் சொல்லும். பகலில் தூங்கப் பார்க்கிற என் போன்றவனின் கதியை நினைத்துப் பாருங்கள். நானே பூட்டிய ஊளை என் ஜன்னலைத் தாண்டிப் போகும். கொஞ்சநாள் அதை ஓட்டிவிட்டு அண்ணாச்சி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்று சொன்னார்:

"ஒண்ணு தை மாசக் கப்பல்ல வந்துச்சி, ஒண்ணு மாசிக் கப்பல்ல வந்துச்சி. ஒண்ணுக்கொண்ணு மொகமே பாத்ததில்ல. ஒரே வீட்டுக்குள்ள பூட்டி வச்சா பின்ன அழாம என்ன வே செய்யும்?"

முட்டி

ஷிஃப்ட் முடிந்ததும் அண்ணாச்சியின் முதல் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவேன். அவர் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்துகொள்வேன். பாதி நாள் கராச்சர்மாவில் இறங்கமாட்டேன். டிக்ரி உச்சிவரை போய் கியர் மாறுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். வீட்டில் இதைச் சொல்ல முடியாது. அப்படி ஒரு காலையில்தான் கவனித்தேன். மேட்டின் நடுவில் கிளச்சை மிதிக்க, அண்ணாச்சி தன் இடது தொடையைக் கையால் தூக்கி வைத்தார். கியர் கம்பிக்கும் ஸ்டியரிங்குக்கும் அந்தக் கைதான் வேண்டும். இடையில் அதைக் கடன் வாங்கித் தொடையைத் தூக்கிவிட்டு உடனே கம்பிக்குத் திருப்பிக் கொடுத்தார். முட்டியில் துண்டைச் சுற்றி, மேலே பேண்ட் போட்டிருந்தார்.

டாக்டர் ஏற்கெனவே பார்த்து, இந்தக் காலோடு பஸ் ஓட்டக்கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்ட எங்கள் மேலதிகாரி, எல்லோரும் சாப் என்று கூப்பிடுகிறவர், ஃபோர்மேன் நாயரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "டிக்ரிக்கு இவரை விட்டா யார் இருக்கா? மெதுவா பார்க்கலாம்." நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வேலை போனால் அண்ணாச்சிக்கு ஃபீனிக்ஸ் பே பக்கத்தில் ஆபீஸ் கொடுத்த லைன் வீடும் போகும். ஊரில் தம்பிமார் படகை விற்றுப் பிரிந்துவிட்டார்கள். மகள் இங்கே இந்தியில் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. ஒருநாள் அவர் மனைவி பிலோமினா அக்கா சோற்றுத் தூக்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். அண்ணாச்சி ஏதோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டே பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு படியாக, வலது காலை மட்டும் நம்பி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"அந்த முட்டி ஓடுற வரைக்குந்தான் தம்பி எங்களுக்கு இந்த ஊரு."

மர லாரியின் பின்பக்கம்

கியர்பாக்ஸுக்குள் இருக்கிற பல்லை நாம் மாற்ற முடியாது. ஆனால் எல்லாக் கியரும் கடைசியில் அந்த ஒரு ஜோடி வழியாகத்தானே போகவேண்டும்? அந்த ஜோடியை மாற்றினால்? பினியன் இன்னும் கொஞ்சம் அதிகம் சுற்றி, கிரவுன் இன்னும் கொஞ்சம் மெதுவாக நகர்கிற மாதிரி ஒரு ஜோடி கிடைத்தால், பஸ்ஸின் ஒவ்வொரு கியரும் ஒரு அரைப்படி கீழே இறங்கும். டிக்ரியில் செத்துப்போகிற மூன்றாவது கியர், டிக்ரிக்கென்றே வெட்டிய ரெண்டரை கியர் ஆகிவிடும். சமதரையில் வேகம் போகும். போகட்டும். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு இங்கே எங்கே போவது, கடலுக்குள்ளா?

காட்டில் மரம் இழுத்துத் தேய்ந்த லாரி ஒன்று எங்கள் யார்டில் புல் முளைத்துக் கிடந்தது. அதே கம்பெனி ஆக்சில், அதே கூடு. பாரம் இழுக்கிற வண்டி என்பதால் உள்ளே வேறு ஜோடி. பிரித்துச் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். நான் வேண்டிக்கொண்டதே இருந்தது. ரெண்டிலும் ஒரே நம்பர். பிறந்ததிலிருந்து பிரியாத ஜோடி. மண்ணெண்ணெயில் கழுவி, பல்லில் சிவப்பு ஈயம் பூசிச் சுற்றிப் பார்த்தேன். ஈயம் பல்லின் நடுவில் மட்டும் அழிந்தது. எங்கே சேரவேண்டுமோ அங்கே சேர்கிறது என்று அர்த்தம். பஸ் பெரிய ரிப்பேருக்கு வந்திருந்த சமயம் பார்த்து ஃபோர்மேன் நாயரிடம் கேட்டேன். மேலே எழுதிக் கேட்டால் கடிதம் மெட்ராஸ் போய் வரவேண்டும். அதற்குள் அந்த முட்டி முடிந்துவிடும் என்றேன். அவர் லாரியை ஒருதரம் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கேட்டறியாத மெல்லிய குரலில் சொன்னார்:

"எடோ, ஓடிச்சுன்னா நான் சொல்லிச் செய்தது. ஓடலேன்னா நான் லீவாக்கும்."

இடது காலுக்கு ஓய்வு

முதல் காலையிலேயே ஏறிக்கொண்டேன். மேட்டடியில் வழக்கம்போல ஆண்களெல்லாம் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க" என்றார் அண்ணாச்சி. யாரும் நம்பவில்லை. அவர் மூன்றாவதில் போட்டார். நான் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஸ் உதறவில்லை. அலறவும் இல்லை. வேலையில் மனம் வைத்த ஒரு மனிதனுடைய மூச்சு மாதிரி ஒரே சீராக எஞ்சின் ஓட, வேலி நகர்ந்தது, வாழைத்தோட்டம் நகர்ந்தது, இறங்கி நடந்தவர்கள் ஒருநாளும் பஸ்ஸிலிருந்து பார்த்திராத பள்ளத்தாக்கு ஜன்னலில் வந்தது. பின்னால் ஒரே கூச்சல். திரும்பிப் பார்த்தால், பழக்க தோஷத்தில் கீழேயே இறங்கிவிட்ட ஹரிபதா கட்டையும் தோளுமாக பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடிவருகிறார். ஜன்னலெல்லாம் தலைகள். மண்டல் பாபு கை தட்டுகிறார்.

அண்ணாச்சியின் இடது கால் கிளச்சின் பக்கத்தில், விருந்துக்கு வந்தவன் மாதிரி சும்மா இருந்தது. உச்சியில் நிறுத்திவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததா, வெயிலா, தெரியாது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"இந்தக் காலுக்கு சோலியே இல்லாம ஆக்கிட்டீரே வே. இனி பாதிச் சம்பளந்தான் தருவானுவ போல."

தள்ளிப்போன ஊர்

ஒன்றை நான் யோசிக்கவில்லை. மைல் காட்டுகிற மீட்டர் சக்கரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. கியர்பாக்ஸின் பின்முனை சுற்றுவதைப் பார்த்து ஓடுகிறது. பழைய ஜோடி இருந்தபோது இத்தனை சுற்றுக்கு ஒரு மைல் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். புது ஜோடியில் அதே ரோட்டுக்குச் சுற்று அதிகம். மீட்டருக்கு என்ன தெரியும்? டிக்ரி தூரமாகிவிட்டது என்று அது நினைத்துக்கொண்டது. ஹரிபதா மீட்டரைப் பார்த்துச் சொன்னார், ஆபீஸ் ஹரிபதாவைப் பார்த்துக் கேட்டது, ரோடு இவ்வளவு நாளும் தப்பாக அளக்கப்பட்டிருக்கிறது என்று முடிவாயிற்று. டிக்ரிக்கு ஒரு ஸ்டேஜ் கூடி, டிக்கெட்டும் ஏறியது.

நான் போய் ஆபீஸில் விளக்கினேன். மீட்டருக்குள் ஒரு சின்னப் பல்சக்கரத்தை மாற்றினால் போதும் என்றேன். சரி, அடுத்த கப்பலுக்கு எழுதுகிறோம் என்றார்கள். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். மண்டல் பாபு ரெண்டும் செய்யவில்லை. பிறந்த ஊர், அங்கிருந்து எல்லை தாண்டிக் கல்கத்தா கேம்ப், அங்கிருந்து கப்பலேறி இந்த மேடு என்று வந்து சேர்ந்தவர் அவர். ஊர் தள்ளிப்போய்விட்டது என்று ஹரிபதா சொன்னதும், தள்ளிப்போனது மீட்டரில்தான் என்று நான் குறுக்கே புகுந்து சொல்வதற்குள், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஔர் கித்னா தூர் பேஜேகா ஹம் கோ, பாபு?" எங்களை இன்னும் எவ்வளவு தூரத்துக்கு அனுப்புவீர்கள் என்று.

சாப் ஏறி வந்தார்

முழு பாரத்தோடு பஸ் டிக்ரி ஏறுகிறது என்ற செய்தி சாப் காதுக்குப் போயிற்று. ஒரு காலையில் அவரே வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். கூடவே அப்பாராவ் என்ற டிரைவரையும் அழைத்து வந்தார். தெலுங்குக்காரர், இளவயது, நல்ல பையன். ஒருமுறை டிக்ரியில் பின்னால் உருண்டு, முருங்கைமரத்தில் முட்டி நின்று, அதிலிருந்து அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சபதம் செய்திருந்தவர். அண்ணாச்சி ஏற்றிக் காட்டினார். இறக்கிக் காட்டினார். கீழே வந்ததும் சாப், "அப்பாராவ், நீ ஒருதரம்" என்றார். அண்ணாச்சி சீட்டை விட்டு எழுந்து, தன் துண்டை எடுத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்தார்.

அப்பாராவ் முதலில் சாமி கும்பிட்டார். பாதி மேட்டுக்கு மேல் பயம் விட்டுப்போய், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்களுக்கு ஹாரன் அடித்துக்காட்டினார். "சபாஷ்" என்றார் அண்ணாச்சி. உண்மையாகத்தான் சொன்னார். உச்சியில் சாப் இறங்கி, ரோட்டைப் பார்த்து, பள்ளத்தாக்கைப் பார்த்து, என் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு பெரிய மனிதர் என் கையைக் குலுக்கியது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அருமை, மிஸ்திரி! இனிமே இதை யார் வேணும்னாலும் ஓட்டலாம்."

டாக்டர் சொன்னது

அந்த மாதமே டாக்டர் சொன்னதைக் காட்டி அண்ணாச்சியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் சாப்பின் அறைக்குள் போய் நின்றேன். இப்போதுதான் அவருக்குக் காலே வலிக்காதே, இப்போது போய் அனுப்புகிறீர்களே என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "முன்னாடி அவரை விட்டா ஆள் இல்லை. டாக்டர் சொன்னதுக்குக் கண்ணை மூடிக்கிட்டேன். பஸ்ஸுல குழந்தை குட்டி போகுது மிஸ்திரி. இப்ப எந்தக் காரணத்தைச் சொல்லிக் கண்ணை மூடறது?" என்றார். கேட்டுக்கு வாட்ச்மேனாகப் போடலாமே என்றேன். இடம் இல்லை என்றார். விசாரித்தேன், நிஜமாகவே இடம் இல்லை.

அன்று ஷிஃப்டுக்குப் போனதும் ஃபோர்மேன் நாயரிடம், பழைய ஜோடி இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறது, திரும்பப் பூட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். டிக்ரி மறுபடி ஏறமுடியாத டிக்ரியாகட்டும், அண்ணாச்சியை அவர்களே கூப்பிடட்டும். சொல்லும்போதே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டேன். நாயர் அதைப் பிடுங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்:

"பூட்டிக்கோ. நாளைக் காலத்து அந்த வயசான ஸ்த்ரீகள் இறங்கி நடக்கும்போ, எதுக்குன்னு கேப்பாங்க. அது நீ சொல்லணும், நான் சொல்லமாட்டேன்."

சாத்தம் ஜெட்டி

ஸ்பேனரை வைத்துவிட்டேன். அண்ணாச்சி குடும்பத்தை ஊருக்குக் கொண்டுபோகிற கப்பல் சாத்தம் ஜெட்டியில் நின்ற அன்று நானும் செல்லமும் போனோம். லைன் வீட்டில் இருந்த சாமான் எல்லாம் இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய், மாதா படம் சுற்றிய துணி. மகள் ஜெட்டியில் தன் சிநேகிதியோடு இந்தியில் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பிலோமினா அக்கா செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னிடம் வீட்டுச் சாவியை நீட்டி, "ஆபீசுல குடுத்துருங்க, மிஸ்திரி" என்றார். அதுவரைக்கும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணாச்சி டிரங்குப் பெட்டிமேல் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கப்பலில் ஏறுகிற படியைப் பார்த்தார், செங்குத்தாக இருந்தது. கலாசிகள் பெட்டியைத் தூக்க வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தோளை உடனே விடவில்லை.

"மூஞ்சியத் தொங்கப் போடாதீரும் வே. கடைசியா ஓட்டுன நாளெல்லாம் வலிக்காம ஓட்டுனேன். அது போதும்."

இப்போதும் அந்த பஸ் டிக்ரி ஏறுகிறது. யாரும் இறங்குவதில்லை. ஹரிபதா உள்ளேயே உட்கார்ந்து தூங்குகிறார். கட்டை அவர் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. நான் கராச்சர்மாவிலேயே இறங்கிவிடுகிறேன். உச்சி வரை போய்ச் சத்தம் கேட்பதெல்லாம் நின்றுபோயிற்று. படுத்தால் தூக்கம் வருவதில்லை, ஆனால் அது நம் எல்லோருக்கும் உள்ளதுதான்.

ராத்திரி விழித்திருக்கிற என் இனத்தாரே, யாருடைய வேலையையாவது சுலபமாக்கிவிடலாம் என்று உங்களுக்கு ஒரு யோசனை வந்தால், அந்த வேலை அவரிடம் இருப்பதே அது கஷ்டமாக இருப்பதால்தானா என்று விடிந்ததும் யாரையாவது கேட்டுவிட்டு, அப்புறம் பல்லை எண்ணத் தொடங்குங்கள்.